இந்தியத் தகவல்தொடர்பு, ஊடக ஒழுங்குமுறை ஆணையச் சீர்திருத்தம்: ஒரு விமர்சனப் பார்வை

இந்தியாவில் தொலைபேசி, இணையம், கேபிள், டிடிஎச் ஆகிய சேவைகளின் கட்டணத்தையும் தரத்தையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய் என்பார்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே ஆண்டு பிப்ரவரி 20 அன்று தொடங்கப்பட்டது. இந்தச் சேவைகளின் வழியே வீட்டுக்கு வரும் செய்தி, நாடகம், திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றை அது கவனிப்பதில்லை. அது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் வேலை. உரிமம் தருவதும் அலைக்கற்றையைப் பங்கிடுவதும் தொலைத்தொடர்புத் துறையின் வேலை. இணையத் தளங்களைக் கவனிப்பவை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும். இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒன்றாக்க வேண்டும் என்ற பேச்சு இருபத்தைந்து ஆண்டுகளாக நடக்கிறது.

ஒன்றாக்குவது மட்டுமே சீர்திருத்தம் ஆகாது என்பது இக்கட்டுரையின் கருத்து. எத்தனை ஆணையம் என்பது இரண்டாவது கேள்வி. ஆணையத்தில் அமர்பவரை நியமிப்பது யார், அதற்குப் பணம் தருவது யார், கடைசி வார்த்தை யாருடையது என்பவை முதல் கேள்விகள். இதுவரை வந்த வரைவுகள் இரண்டாவது கேள்வியில் காட்டிய அக்கறையை முதல் கேள்விகளில் காட்டவில்லை.

ஒரே ஆட்டம், இரண்டு சட்டம்

2023இல் இந்தியாவில் ஆண்கள் உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடந்தது. அதை ஒளிபரப்பிய நிறுவனத்தின் சேனலை கேபிளில் பார்ப்பவர் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். அதே நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் அதே ஆட்டம் இலவசம். கேபிள் சேனலுக்கு டிராய் விதித்த விலை முறை உண்டு. வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கலாம், தொகுப்பை எப்படி விற்கலாம் என்றெல்லாம் விதிகள் உண்டு. செயலிக்கு இவற்றில் எதுவும் இல்லை. கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு, தொலைத்தொடர்புத் தகராறுகளைத் தீர்க்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஓடிடி தளம் டிராய் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்ற நோக்கில் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு தந்தது.

தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தில் உள்ளதைத்தான் அது சொன்னது. இச்சட்டம் எழுதப்பட்டபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு கம்பி, தொலைபேசிக்கு வேறொரு கம்பி. இன்று ஒரே கண்ணாடி இழையில் இரண்டும் வருகின்றன. 2024 நவம்பரில் ரிலையன்ஸ் குழுமத்தின் ஊடகப் பிரிவும் டிஸ்னியின் இந்தியப் பிரிவும் இணைந்தன. நாட்டின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனம், ஏராளமான சேனல்கள், பெரிய ஓடிடி தளம் ஆகிய மூன்றும் ஒரே குழுமத்தின் கைக்கு வந்துவிட்டன. அவற்றைக் கவனிக்க வேண்டிய அரசுப் பக்கமோ தனித்தனி அலுவலகங்களாக நிற்கிறது. நிறுவனம் ஒன்றாகிவிட்டது, மேற்பார்வை ஒன்றாகவில்லை. சீர்திருத்தம் வேண்டும் என்பவர்களின் வாதத்தில் உள்ள உண்மை இது. அதை மறுப்பதற்கில்லை.

1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு

மாணவர்கள் இந்தப் பொருளைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் டிராய் சட்டம் அன்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய ஒரு கிரிக்கெட் வழக்கு.

1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒளிபரப்பு என்பது தூர்தர்ஷனுக்கே உரியது என்று இருந்த காலம் அது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி அந்தத் தனியுரிமை மத்திய அரசிடம் இருந்தது. படப்பிடிப்புக் கருவிகளைச் சுங்கத் துறை பிடித்து வைக்கும் அளவுக்குச் சண்டை முற்றி, உச்ச நீதிமன்றம் வரை போனது.

1995 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பு கிரிக்கெட்டைத் தாண்டிப் போனது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றில் அரசும் ஏகபோகம் செய்யக் கூடாது, தனியாரும் செய்யக் கூடாது. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமையில் தகவல் பெறும் உரிமையும் அடங்கும். ஆகவே, சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் பிரதிநிதித்துவப்படுத்தும், அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு பொது அமைப்பை மத்திய அரசு உடனே ஏற்படுத்த வேண்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

அந்த அமைப்பு இன்று வரை ஏற்படவில்லை.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1997இல் ஒளிபரப்பு மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, கூட்டுக் குழுவுக்குப் போய், ஆட்சி கவிழ்ந்ததும் மறைந்தது. 2006, 2007இல் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றை முன்மொழிந்த வரைவுகள் ஊடக நிறுவனங்களின் எதிர்ப்பில் முடங்கின. இவற்றுக்கு இடையில் வந்த 2001ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒருங்கிணைப்பு மசோதாதான் நின்று பார்க்க வேண்டியது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், டிராய் சட்டம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கம்பியையும் அதில் வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரே ஆணையத்தை அது முன்மொழிந்தது. கைப்பேசியில் தொலைக்காட்சி பார்ப்பதை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் எழுதப்பட்டது. தொழில்நுட்பம் போகும் திசையை அதை எழுதியவர்கள் சரியாகவே பார்த்தார்கள். 2004இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

அது காலாவதியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2004 ஜனவரி 9 அன்று, அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒளிபரப்பும் கேபிள் சேவையும் இனி ‘தொலைத்தொடர்புச் சேவை’ என்ற சொல்லில் அடங்கும் என்றது. டிராய் கேபிள் கட்டணத்தைக் கவனிக்க ஆரம்பித்தது இந்த அறிவிக்கையால்தான். பெரிய சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஓர் அறிவிக்கையில் முடித்துக்கொண்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்று தோன்றிய அது இருபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

டிராய்க்கு உள்ள பல்லும் இல்லாத பல்லும்

டிராய் பலவீனமான அமைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நியாயமன்று. அது செய்த நல்ல காரியம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் இணையச் சமநிலை குறித்து அது ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. (எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து வெளியிட்டு டிராய் திட்டு வாங்கியது வேறு கதை.) முடிவில் 2016 பிப்ரவரி 8 அன்று, சில தளங்களுக்கு மட்டும் இலவச இணையம், மற்றவற்றுக்குக் கட்டணம் என்ற முறைக்குத் தடை விதித்தது. பேஸ்புக் நிறுவனம் பெரும் விளம்பரத்துடன் கொண்டுவந்த இலவசத் திட்டம் அதோடு நின்றது. பெரிய நிறுவனத்தின் விருப்பத்துக்கு எதிராக, மக்களிடம் கருத்துக் கேட்டு, காரணம் எழுதி முடிவெடுக்க இந்நாட்டில் ஓர் அமைப்பால் முடியும் என்பதற்கு அது சான்று.

அது முடிந்ததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. டிராய் சட்டத்தின் 11ஆவது பிரிவில், ஆணையம் தன் பணிகளை வெளிப்படைத்தன்மையுடன் செய்ய வேண்டும் என்ற கட்டளை உண்டு. அதை அலட்சியம் செய்தால் நீதிமன்றம் விடாது. கைப்பேசி அழைப்பு பாதியில் அறுந்தால் ஓர் அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்று டிராய் விதி செய்தது. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தன்னிச்சையானது என்பதோடு, வெளிப்படைத்தன்மை போதவில்லை என்பதும் காரணம். வாடிக்கையாளராகப் பார்த்தால் வருத்தமான தீர்ப்பு. ஆனால் ஆணையம் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்ற கொள்கை அதில் உறுதிப்பட்டது.

இனி இல்லாத பல். டிராய் கட்டணமும் தரமும் சார்ந்தவற்றில் விதி செய்யலாம். உரிமம், அலைக்கற்றை போன்றவற்றில் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. 2016 அக்டோபரில், புதிதாக வந்த ஜியோவுக்கு இணைப்புத் தர மறுத்ததாக ஏர்டெல், வோடபோன், ஐடியா நிறுவனங்களுக்கு மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் போடலாம் என்று டிராய் கருதியது. கருதியதே தவிரப் போட முடியவில்லை. தொலைத்தொடர்புத் துறைக்குப் பரிந்துரை அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. பங்குச் சந்தையைக் கவனிக்கும் செபி அபராதம் விதிக்கிறது. தன் கட்டணங்களையும் தானே வசூலிக்கிறது. டிராய் தன் செலவுக்கு மத்திய அரசின் மானியத்தை எதிர்பார்க்கிறது.

தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு. எதிர்க்கட்சிக்கோ நீதித்துறைக்கோ அதில் சட்டப்படியான பங்கு இல்லை. பதவிக்காலம் மூன்று ஆண்டு அல்லது 65 வயது வரை. மேலும், தலைவராக இருந்தவர் பிறகு அரசுப் பணியை ஏற்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு தடை இருந்தது. நாளை கிடைக்கப்போகும் பதவியை மனத்தில் வைத்து இன்று முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்கான வேலி அது. 2014 மே மாதம், டிராயின் முன்னாள் தலைவர் ஒருவரைப் பிரதமரின் முதன்மைச் செயலாளராக நியமிப்பதற்காக, அவசரச் சட்டத்தின் மூலம் அந்த வேலி தளர்த்தப்பட்டது. அவர் திறமையான அதிகாரியா இல்லையா என்பது இங்குக் கேள்வி அன்று. ஒரு நியமனத்துக்காகச் சட்டத்தையே மாற்ற முடிந்தால், அந்தச் சட்டம் தரும் சுதந்திரத்தின் அளவு நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அரசின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். பிஎஸ்என்எல் அரசின் நிறுவனம். பிரசார் பாரதிக்கு நிதி தருவது அரசு. உரிமம் தருவதும் அரசு, அதை ரத்து செய்வதும் அரசு. தேர்வு எழுதும் மாணவனே வினாத்தாளையும் தயாரித்து, விடைத்தாளையும் திருத்தி, ஓரத்தில் ஓர் ஆசிரியரை உட்கார வைத்து ஆலோசனை மட்டும் கேட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

சென்னையும் கேபிள் கட்டணமும்

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. மற்ற மூன்று பெருநகரங்களில் அது தள்ளிப்போனது. மூன்று ஆண்டுக்கு மேல் சென்னை மட்டுமே அந்த முறையில் இருந்தது. 2006 இறுதியில்தான் டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகள் சேர்ந்தன. அப்போது ஒரு கட்டணச் சேனலின் உச்ச விலை 5 ரூபாய் என்று டிராய் வைத்தது.

2017 மார்ச்சில் புதிய கட்டண ஆணை வந்தது. நமக்கு வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்பது அதன் நோக்கம். ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நிகழ்ச்சி எங்கள் பதிப்புரிமை, டிராய்க்குக் கம்பியின் மேல்தான் அதிகாரம், உள்ளடக்கத்தின் விலையில் கை வைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதியிடம் போய், டிராய்க்குச் சாதகமாக முடிந்தது. 2018 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் தொகுப்புத் தள்ளுபடி 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற ஒரு பகுதி மட்டும் தன்னிச்சையானது என்று விழுந்துவிட்டது.

அந்த ஒரு பகுதி விழுந்ததால் ஆணையின் உயிரே போயிற்று என்பேன். தனியாக வாங்கினால் விலை அதிகம், தொகுப்பாக வாங்கினால் மிக மலிவு என்று நிறுவனங்கள் வைத்தன. தொகுப்பில் சேர வேண்டுமானால் ஒரு சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. முன்னணிச் சேனல்கள் பல 19 ரூபாயையே விலையாக வைத்தன. இதற்கு மேல் நூறு சேனல்களுக்கு 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம், வரியுடன் 153 ரூபாய். 2019 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தபோது, எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள் பார்த்துப் பழகியிருந்த வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020இல் அந்த 19ஐ 12 ஆக்கினார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2022இல் மறுபடியும் 19. 2024இல் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

ஏழு ஆண்டு இழுபறி இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதே பார்வையாளர்கள் கைப்பேசிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். டிராய் கணக்கில் பிழை செய்தது என்பதைவிட, கேபிளை மட்டும் பார்க்கும் அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தது என்பதே சரி.

அரசு கேபிள் விஷயம் இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் புத்துயிர் பெற்றது. மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பு, விநியோகத் தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. 2012ஆம் ஆண்டுப் பரிந்துரை மத்திய அரசுத் துறைகளுக்கும் அதே தடையைச் சொன்னது. செய்தி போகும் வழி ஆட்சியாளர் கையில் இருக்கக் கூடாது என்பது கொள்கையளவில் சரியானது. எந்தக் கட்சி ஆண்டாலும், விநியோகம் செய்பவர் ஒரு சேனலை நூறாவது எண்ணிலிருந்து ஐந்நூறாவது எண்ணுக்குத் தள்ளினால் அதைப் பார்ப்பவர் எண்ணிக்கை குறையும். ஆனால் டிஜிட்டல் உரிமம் கேட்ட தமிழ்நாட்டு நிறுவனத்தை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த மத்திய அரசு, 2017இல் உரிமத்தைக் கொடுத்துவிட்டது. பரிந்துரையை ஏற்றதும் இல்லை, நிராகரித்ததும் இல்லை. மலிவுக் கட்டணத்தில் வீடுகளுக்கு இருந்த நன்மை, மாநில அரசின் கையில் விநியோகம் இருப்பதன் ஆபத்து ஆகிய இரண்டையும் எடைபோட்டு வெளிப்படையாக முடிவெடுக்க ஓர் அமைப்பு இருந்திருக்க வேண்டும். இருந்ததோ இரண்டு அரசுகளுக்கு இடையிலான பேரம்.

2023 வரைவு

2023 நவம்பர் 10 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவை வெளியிட்டது. 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்துக்கு மாற்று. கேபிள், டிடிஎச், வானொலியோடு ஓடிடி தளங்களையும், இணையத்தில் செய்தி, நடப்பு நிகழ்ச்சிகளைத் தொழிலாக வெளியிடும் தனிநபர்களையும் அது உள்ளே கொண்டுவந்தது. தொழில்நுட்ப மாற்றத்துக்கு ஏற்ற சட்டம் என்று அதை அறிமுகப்படுத்தினார்கள்.

பரப்பளவில் அது புதிய சட்டம்தான். அதிகார அமைப்பில் பழைய சட்டத்தின் நீட்சி. நிறுவனம் தனக்குள் குறை தீர்ப்பது முதல் படி. நிறுவனங்களின் சுயஒழுங்கு அமைப்பு இரண்டாம் படி. ஒளிபரப்பு ஆலோசனைக் குழு மூன்றாம் படி. இந்த ஆலோசனைக் குழுவின் தலைவர், வெளியிலிருந்து வரும் உறுப்பினர்கள், அமைச்சகங்களின் அதிகாரிகள் அனைவரையும் மத்திய அரசே நியமிக்கும். குழு பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும். 1995இல் நீதிமன்றம் கேட்டது அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத அமைப்பு. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த வரைவு, ‘ஆலோசனை’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு வந்தது.

அடுத்தது நிகழ்ச்சி நெறி. 1994ஆம் ஆண்டுக் கேபிள் விதிகளில் உள்ள நெறி, நல்ல ரசனைக்கு எதிரானதைத் தடுக்கிறது. அரை உண்மைகளையும் மறைமுகக் குற்றச்சாட்டுகளையும் தடுக்கிறது. இத்தகைய சொற்களுக்கு எல்லை கிடையாது. யூடியூபில் தனி ஆளாக உள்ளூர் ஆற்று மணல், ஊராட்சிக் கணக்கு, அரசு மருத்துவமனை என்று செய்தி போடும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். அவர் சொன்னது அரை உண்மையா முழு உண்மையா என்று முடிவு செய்யும் கடைசிப் படியில் அமர்ந்திருப்பது அரசு. அவர் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் அரசை. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் உண்டு. இவருக்கு ஒரு கைப்பேசியும் முக்காலியும்தான் உண்டு.

இது கற்பனை அச்சம் என்று தள்ள முடியாத வழக்கு ஒன்று உள்ளது. மீடியா ஒன் என்ற மலையாளச் செய்திச் சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்க 2022 ஜனவரியில் அமைச்சகம் மறுத்தது. பாதுகாப்பு அனுமதி இல்லை என்றார்கள். காரணத்தை மூடிய உறையில் நீதிபதியிடம் கொடுத்தார்கள், சேனலுக்குச் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்து, அரசை விமர்சிப்பது உரிமத்தை மறுக்கக் காரணம் ஆகாது என்ற கருத்தையும் பதிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த வரைவில் இந்தத் தீர்ப்பின் சுவடு தெரியவில்லை.

இணையச் செய்தித் தளங்களைப் பொறுத்தும் நீதிமன்றங்கள் ஏற்கெனவே எச்சரித்திருந்தன. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் இதே மூன்று படி முறை இருந்தது. அதன் முக்கியப் பகுதிகளை 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. நிறுத்தி வைக்கப்பட்டதையே சட்டமாக எழுதிக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று அமைச்சகம் நினைத்தது போலும்.

2024இல் நடந்தது இன்னும் வினோதம். திருத்திய வரைவு பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், யாருடைய பிரதி வெளியே கசிந்தது என்று கண்டுபிடிக்கும் அடையாளக் குறியுடன் தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் ஆகஸ்டில் அந்தப் பிரதிகளைத் திரும்பக் கேட்டார்கள். பத்து லட்சம் பேரின் கருத்தை வாங்கிய டிராயின் 2015ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். டிராயைக் கட்டுப்படுத்தும் 11ஆவது பிரிவு அமைச்சகத்தைக் கட்டுப்படுத்தாது. சட்ட வரைவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுக் கொள்கை ஒன்று உண்டு. அது சட்டம் அன்று.

எதிர்த் தரப்பின் வாதத்திலும் பொருள் உண்டு. சேனல்களின் சுயஒழுங்கு சிரிப்புக்கிடமாகிவிட்டது. செய்திச் சேனல்களின் சங்க அமைப்பு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். அது எந்தச் சேனலையும் திருத்தாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஒரு நடிகரின் மரணத்தை மாதக்கணக்கில் விசாரணை மன்றம் போல நடத்திய சேனல்களைப் பார்த்தவர்கள், இவர்களை யாராவது கேட்க மாட்டார்களா என்று நினைத்தது இயல்பு. கேட்க வேண்டும். கேட்பவர் அமைச்சராக இருக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பாடம்

இங்கிலாந்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கு 2003இல் ஐந்து அமைப்புகளை இணைத்து ஆஃப்காம் உருவானது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி, அலைக்கற்றை எல்லாம் ஒரே இடத்தில். பிபிசியின் மேற்பார்வை 2017இலும், இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு 2023இலும் அதனிடம் வந்தன. செலவில் பெரும்பகுதியை நிறுவனங்களின் கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கும் நியமனம் பலவீனமான இடமே. 2021இல் தேர்வுக் குழு தகுதியில்லை என்று ஒதுக்கிய பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்காக, தலைவர் தேர்வையே அரசு மறுபடி நடத்த முனைந்தது. செய்தி வெளியாகி விவாதமானதால் அவரே விலகிக்கொண்டார். தேர்வுக் குழு என்று ஒன்று இருந்ததும், அது இல்லை என்று சொன்னது வெளியே தெரிந்ததும் அங்கு காப்பாற்றின.

மலேசியாவை அவ்வளவாக யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. 1998லேயே, ஆஃப்காமுக்கு முன்பே, அவர்கள் தொலைத்தொடர்பையும் ஊடகத்தையும் ஒரே சட்டத்தில், ஒரே ஆணையத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அமைச்சர் அந்த ஆணையத்துக்கு உத்தரவிடலாம். 2015இல் 1எம்டிபி நிதி ஊழலை வெளியிட்ட சரவாக் ரிப்போர்ட் இணையதளத்தை அந்த ஆணையம் முடக்கியது. 2018இல் ஆட்சி மாறிய பிறகே தடை நீங்கியது. தொழில்நுட்ப ஒருங்கிணைப்பில் முன்னோடியான ஆணையம், ஆட்சியாளரைக் காக்கும் கருவியாகவும் இருக்க முடிந்தது. இந்தியாவில் ஒரே ஆணையம் வேண்டும் என்று எழுதுபவர்கள் லண்டனைப் பார்ப்பது போல கோலாலம்பூரையும் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டியது எது

2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடை கொடுத்தது. அதற்கு முன் 2022இல் வந்த வரைவு, டிராயின் பரிந்துரையைக் கேட்க வேண்டிய கட்டாயத்தையே எடுத்துவிடப் பார்த்தது. எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. தனியார் துறையில் நீண்ட அனுபவம் உள்ளவரும் டிராய் தலைவராகலாம் என்ற வழி புதிதாகச் சேர்ந்தது. நேற்று வரை ஒரு நிறுவனத்தில் இருந்தவர் நாளை அதன் கட்டணத்தைத் தீர்மானிக்கலாம் என்றால், இடையில் எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. நியமிப்பவர் யார் என்பதில் மாற்றம் இல்லை.

கம்பிக்கும் உள்ளடக்கத்துக்கும் ஒரே ஆணையம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். எனக்கு இரண்டு என்பதே இன்றைய நிலையில் பாதுகாப்பானதாகப் படுகிறது. கட்டணம், தரம், ஏகபோகம் ஆகியவற்றைப் பார்க்கும் ஆணையம் ஓடிடியையும் கேபிளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கட்டும்; அதில் பேச்சுரிமைக்கு ஆபத்து குறைவு. உள்ளடக்கம் பற்றிய புகார்களை விசாரிக்கும் அமைப்புக்குத் தடை செய்யும் அதிகாரமே வேண்டாம். திருத்தம் வெளியிடச் சொல்லவும், வருமானத்துக்கு ஏற்ப அபராதம் விதிக்கவும் அதிகாரம் இருந்தால் போதும். தனி ஆளாகச் செய்தி தருபவருக்கும் நூறு கோடி நிறுவனத்துக்கும் ஒரே படிவம் கூடாது. எந்த அமைப்பானாலும் தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் ஒருவருக்கும் இடம் வேண்டும். நிதி, உரிமக் கட்டணத்தின் ஒரு பங்காக நேரே வர வேண்டும். அரசு ஒரு பரிந்துரையை நிராகரித்தால், குறிப்பிட்ட நாள்களுக்குள் காரணத்தை எழுதி நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது எவ்வளவு தேவை என்பதற்கு 2014 ஆகஸ்ட் 12 அன்று டிராய் கொடுத்த ஊடக உடைமை பற்றிய பரிந்துரை ஒன்றே போதும். ஒரே குழுமம் பல ஊடகங்களை வளைத்துக்கொள்வதற்கு வரம்பு, அரசியல் கட்சிகளும் மத அமைப்புகளும் அரசுகளும் ஒளிபரப்பில் இறங்கத் தடை, அச்சு ஊடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஊடகத்தைச் சாராதவர்கள் பெரும்பான்மையாக உள்ள சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு என்று அதில் எல்லாம் இருந்தன. கட்சிக்கு ஒரு சேனல் வைத்திருக்கும் தமிழ்நாட்டிலிருந்து அதைப் படித்தால் ஒவ்வொரு பக்கமும் நம் ஊரைப் பற்றியது போலவே இருக்கும். மத்தியில் ஆண்ட கட்சிக்கும் மாநிலங்களில் ஆண்ட கட்சிகளுக்கும் அதை எடுத்து நடைமுறைப்படுத்தும் ஆசை வரவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று எழுதித் தரும் கடமையும் எவருக்கும் இல்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில் மேலே சொன்ன இணைப்பு நடந்தபோது, அதை ஆராய்ந்து அனுமதித்தது போட்டி ஆணையம்; அது சந்தைப் பங்கையும் விளம்பரக் கட்டணத்தையும் பார்க்கும். ஒரு நாட்டின் செய்திகள் எத்தனை கைகளில் இருக்கலாம் என்பதைப் பார்க்க வேண்டிய அமைப்பின் நாற்காலி அந்த விசாரணையில் காலியாகவே இருந்தது.